குறுக்குவெட்டு அல்ல, வினைப்பரப்பு

அணுவை யாரும் வெட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணைவு ஆற்றல், அதாவது அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து எடுக்கும் ஆற்றல், பற்றித் தமிழில் வரும் கட்டுரை, காணொளி, மொழிபெயர்ப்பு எதை எடுத்தாலும் 'அயனியாக்கக் குறுக்குவெட்டு', 'மோதல் குறுக்குவெட்டு' என்று வந்து நிற்கிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் 'குறுக்குவெட்டுத் தோற்றம்' என்கிறார்கள். அது தாவரவியல் நோட்டில், தண்டைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துப் பென்சிலால் வரையும் படத்தின் பெயர் ஐயா. மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இப்படியொரு காணொளியைப் போட்டபோது, பள்ளியில் இயற்பியல் படிக்கும் பையன் ஒருவன் கிரியோலில் "கி ஸோத் ஃபின் கூப்பே?" என்றான். என்னத்தை வெட்டினார்கள் என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான், அந்தச் சொல்லைக் கேட்ட யாருக்கும் தோன்றக்கூடியது.

ஆங்கிலத்தில் கிராஸ் செக்‌ஷன். 'செக்‌ஷன்' லத்தீனில் வெட்டுதலைக் குறிக்கும் 'செகாரே'யிலிருந்து வந்தது, 'கிராஸ்' குறுக்கே என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான், இதில் நேரத்தைச் செலவழிக்க ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் வாயு மூலக்கூறுகளைக் கெட்டியான குட்டி உருண்டைகளாக நினைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதுவதற்கு முன் சராசரியாக எவ்வளவு தூரம் ஓடும் என்று 1858-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் கேட்டார். உருண்டையை நடுவில் வெட்டினால் வட்டம் கிடைக்கும், எதிரே வருகிறவனுக்கு அந்த வட்டம்தான் குறி. அந்தக் காலத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியது. உருண்டை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? ஒரு பரப்பின் மீது துகள்கள் சீராகப் பாய்கின்றன, அங்கே ஓர் அணு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் துகள் அந்த அணுவோடு ஒரு குறிப்பிட்ட வினையை நடத்தும் வாய்ப்பை, அந்த மொத்தப் பரப்பால் பெருக்கினால் வருவதுதான் இது. அலகு சதுர செ.மீ. என்று வருவதால் பரப்பு என்கிறோம். ஆனால் அது அணுவின் பரப்பு அல்ல, வினையின் பரப்பு. என் முழு வழக்கும் இந்த ஒரு வரிதான்: குறுக்குவெட்டு வேண்டாம், வினைப்பரப்பு என்போம்.

ஹைட்ரஜன் அணுவையே எடுத்துக்கொள்வோம். இயற்பியலாளர் நீல்ஸ் போர் பெயரால் வழங்கும், அந்த அணுவின் அளவைச் சொல்லும் ஆரத்தை வைத்து வட்டம் போட்டால் பரப்பு சுமார் 0.88×10⁻¹⁶ சதுர செ.மீ. இதன்மேல் 13 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள எலக்ட்ரானை விடுங்கள். அயனியாக்கத்துக்கான, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றும் வினைக்கான, எண் சுழியம். குறைவு என்று சொல்லவில்லை, சுழியம். 13.6-ஐத் தாண்டினால்தான் அது தலைகாட்டும், பிறகு ஏறி, ஐம்பது அறுபது எலக்ட்ரான் வோல்ட் பக்கம் உச்சத்துக்குப் போய், ஆற்றல் கூடக் கூட மறுபடி இறங்கும். அணு அதே அணு. அதன் அகலம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. இப்போது எலக்ட்ரானுக்குப் பதில் 1000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டானை அனுப்பி, அது ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு போகும் வினையைப் பாருங்கள். எண் 10⁻¹⁵-ஐயும் தாண்டிவிடும், நாம் போட்ட வட்டத்தைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. வெட்டினால் அணுவை விட 20 மடங்கு பெரிய துண்டு கிடைக்குமா? 1921-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ராம்சவர் மெதுவான எலக்ட்ரான்களை ஆர்கான் வாயுவுக்குள் விட்டுப் பார்த்தார். ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் அவை ஆர்கான் அங்கே இல்லவே இல்லை என்பதுபோலக் கடந்து போயின. அந்த இடத்தில் ஆர்கானின் 'குறுக்குவெட்டு' என்னவாம்?

இதில் எங்களுக்கு, அதாவது மொரிஷியஸ்காரர்களுக்கு, ஒரு வசதி இருக்கிறது. பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில், வீட்டுத் தொலைக்காட்சி பிரெஞ்சில். ஈட்டர் (ITER) என்ற பன்னாட்டு இணைவு உலை கட்டப்படுவதும் பிரான்சில், கதராஷ் பக்கத்தில்தான், ஆகவே அந்தச் சங்கதிகள் பிரெஞ்சிலேயே காதில் விழும். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'செக்சியோன் எஃபிகாஸ்' என்கிறார்கள். 'எஃபிகாஸ்' என்றால் பலன் தருகிற, வினை நடக்கிற. ஜெர்மானியர்கள் 'விர்குங்ஸ்குவேர்ஷ்னிட்' என்கிறார்கள், 'விர்குங்' என்பதும் விளைவு, வினை. ராம்சவர் எழுதியதும் இந்தச் சொல்லைத்தான். ஆக, இரண்டு மொழிக்காரர்கள் வினையைப் பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டது. நம் ஆட்கள் அந்தச் சோம்பேறித்தனத்தைத் தேடிப்போய் மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "பாடநூலில் அப்படித்தானே இருக்கிறது" என்பது. கம்பிக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மின்தடையைக் கணக்கிடும்போது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு என்று எழுதுவது முழுக்கச் சரி, கம்பியை வெட்டலாம், வெட்டிய முகத்தை அளக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் தமிழிலும் ஒரே சொல் வேண்டும் என்பது எந்த ஊர்ச் சட்டம்? அப்புறம், "பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் வெட்டு இருக்கிறதே" என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. ஆனால் 'செக்சியோன்' என்று சொல்லும் பிரெஞ்சுக்காரனுக்குக் கத்தி நினைவுக்கு வராது, அது தேய்ந்து வெறும் பகுதி, பிரிவு என்று ஆகிவிட்ட சொல். தமிழில் 'வெட்டு' தேயவில்லை, இன்னும் கூராகத்தான் இருக்கிறது. கரும்பு வெட்டு நடக்கும் தீவில் உட்கார்ந்துகொண்டு வெட்டு என்று சொன்னால் காது எங்கே போகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'வினைக் குறுக்குவெட்டு' என்று சமரசம் பண்ணலாமே என்றும் ஒரு நண்பர் சொன்னார். வினையைச் சேர்த்தது நல்லது, வெட்டை ஏன் கூடவே இழுக்க வேண்டும்? சொல்லும் நீளமாகிறது.

வினைப்பரப்பு என்பதற்குப் போட்டியாக மூன்று சொற்கள் கிடைக்கின்றன. 'மோதற்பரப்பு' கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளி பட்டு அணு அயனியாவதற்கும் இதே அளவுதான் பயன்படுகிறது, அதை மோதல் என்று சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். மேலும் ஒரே மோதலில் பல வினைகள் நடக்கலாம், எந்த வினை என்பதுதானே கேள்வி. 'இலக்குப் பரப்பு' மறுபடி உருண்டைக் காலத்துக்கே நம்மைக் கொண்டுபோகும். 'விளைபரப்பு' பிரெஞ்சுச் சொல்லுக்கு மிக நெருங்கி வருகிறது, ஆனால் இங்கே யாரிடமாவது விளைபரப்பு என்றால் எத்தனை ஆர்ப்பாங் (எங்கள் ஊர் நில அளவு) கரும்பு என்று கேட்பார்கள். வினை என்றால் கர்மவினை நினைவுக்கு வராதா என்று கோயில் பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபணை வந்தது. வரலாம். வேதிவினை என்று படித்த தலைமுறைக்கு அது ஒரு தடையே இல்லை.

இணைவு ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்த எண்கள் எதற்கு என்று தெரிந்தால், வினைதான் இங்கே மையம் என்பது இன்னும் தெளிவாகும். இணைவு உலைக்குள் இருக்கும் பிளாஸ்மாவின், அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்துபோன கடும் சூடான வாயுவின், நடுப்பகுதியில் கார்பன் தன் ஆறு எலக்ட்ரான்களையும் இழந்து வெறும் கருவாக அலைகிறது. எலக்ட்ரான் இல்லை, ஆகவே குறிப்பிட்ட நிறங்களில் கோடுகளாக வரும் ஒளியும் (கோட்டு நிறமாலை) இல்லை, வெப்பநிலையை எப்படிப் பார்ப்பது? வேகமான ஹைட்ரஜன் அணுக்களைக் கற்றையாக உள்ளே விடுகிறார்கள். கார்பன் அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. பெரும்பாலும் அந்த எலக்ட்ரான் 4ஆம் ஆற்றல் மட்டத்தில் போய் உட்காரும். எப்போதாவது 8ஆம் மட்டத்தில் விழுந்து, அங்கிருந்து 7-க்கு இறங்கும்போது 529 நானோமீட்டரில் பச்சை ஒளி வரும். அந்தக் கோட்டின் அகலத்திலிருந்து அயனிகளின் வெப்பநிலையும், பிரகாசத்திலிருந்து கார்பனின் அளவும் தெரியவரும். ஆனால் அளவைச் சொல்ல வேண்டுமானால், 8ஆம் மட்டத்தில் பிடிக்கும் வினைப்பரப்பு எவ்வளவு என்ற எண் கையில் இருக்க வேண்டும். 4-க்கு வேறு எண், 8-க்கு வேறு எண், கற்றையின் வேகம் மாறினால் எல்லாமே வேறு. ஒரே ஹைட்ரஜன், ஒரே கார்பன், எத்தனை 'வெட்டு'?

ஈட்டரின் சூடேற்றும் கற்றைக்கும் இதே கதைதான். நேர் அயனிகளை முடுக்கிவிட்டு, பிறகு வாயுவில் எலக்ட்ரான் கொடுத்து அணுவாக்குவது பழைய முறை. ஆற்றல் ஏற ஏற எலக்ட்ரானைப் பிடிக்கும் வினைப்பரப்பு சரிந்து ஒன்றுமில்லாமல் போகிறது. அதனால்தான் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கற்றைக்கு எதிர் அயனிகளிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று, அவற்றிடமிருந்து கூடுதல் எலக்ட்ரானைத் தட்டிவிடுவது சுலபம். ஒரு வளைகோடு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதுதான் அங்கே இயந்திரத்தின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது. சுவர் டங்ஸ்டன் என்றால் வேலை இன்னும் அதிகம். 74 எலக்ட்ரான்கள் உள்ள அணு, அத்தனை சூட்டிலும் முழுக்க உரிபடாமல் ஒளியாகவே ஆற்றலைக் கொட்டிக்கொண்டிருக்கும், பத்தாயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே பிளாஸ்மா ஆறிப்போகும். அதன் ஒவ்வொரு அயனி நிலைக்கும் தனித்தனி எண் வேண்டும். வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையில் இவற்றைத் திரட்டிச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு பிரிவு பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது.

அப்படித் திரட்டியதைத் தமிழில் 'தரவு' என்கிறோம். இந்தச் சொல்லைச் செய்தவருக்கு ஒரு கும்பிடு. 'டேட்டா' லத்தீனில் தரப்பட்டவை, தரவு தமிழில் தருவதிலிருந்து வந்தது, கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர். இப்படி ஒட்டிப்போகும் சொல் கிடைப்பது அபூர்வம், கிடைத்த பிறகு 'டேட்டாக்கள்' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது. ஹைட்ரஜனை நீரியமாக்க வேண்டும், பிளாஸ்மாவை மின்மக்கூழாக்க வேண்டும் என்று நான் சண்டை போடுகிறவன் இல்லை, பொருளின் பெயர் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். பீர்க்கங்காய் இங்கே பிப்பங்காயாகி கிரியோலில் குடியேறியபோது யாரும் அழவில்லை. கருத்தைச் சொல்லும் சொல் அப்படியல்ல. அது தப்பாக இருந்தால் படிக்கிறவன் மனதில் தப்பான படம் விழும், அப்புறம் ஆசிரியர் அதை அழித்துவிட்டுப் புதிதாக வரைய வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு நிலைமை மோசம். எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து அயனிக்குத் தாவும் வினை, மின்னூட்டப் பரிமாற்றம் (ஆங்கிலத்தில் 'சார்ஜ் எக்ஸ்சேஞ்ச்'), 'கட்டணப் பரிமாற்றம்' ஆகிவிடுகிறது. ஹைட்ரஜன் கார்பனுக்குக் கட்டணம் கட்டுகிறதாம். எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குப் போவதைக் 'கிளர்ச்சி' என்று போட்டு, செய்தித்தாளின் முதல் பக்கம் மாதிரி 'அணுக்களின் கிளர்ச்சி' என்கிறார்கள், 'கிளர்வு' என்று ஒரு நல்ல சொல் பக்கத்திலேயே இருக்கும்போது. காந்தப்புலத்தில் பிளாஸ்மாவை அடக்கி வைப்பதற்குச் 'சிறைவாசம்' என்றும் பார்த்தேன். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நாம் எழுதிவைத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. அதைப் படித்துப் பார்க்காமல் தன் பெயரைப் போட்டு வெளியிடுகிறாரே, அவரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, பார்ன். அணுக்கரு வினைகளின் வினைப்பரப்புக்கான அலகு, 10⁻²⁴ சதுர செ.மீ. 1942-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹாலோவே, பேக்கர் என்ற இருவர், யுரேனியக் கரு இந்தக் கணக்கில் மாட்டுக்கொட்டகை அளவு பெரிசு என்று வேடிக்கையாக வைத்த பெயர். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியம்–டிரிட்டியம் இணைவின் வினைப்பரப்பு உச்சத்தில் சுமார் 5 பார்ன். மேலே பார்த்த எலக்ட்ரான் பறிப்பு வினையோடு ஒப்பிட்டால் கோடிக்கணக்கான மடங்கு சிறிது, இணைவை நடத்துவது இத்தனை கஷ்டமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதையும் ஒருவர் 'ஐந்து களஞ்சியம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். அலகின் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, பார்ன் என்றே எழுதுங்கள். மற்றதெல்லாம் வினைப்பரப்பு: அயனியாக்க வினைப்பரப்பு, கிளர்வு வினைப்பரப்பு, மின்னூட்டப் பரிமாற்ற வினைப்பரப்பு, கோணத்தைப் பொறுத்துப் பிரித்தால் வகையீட்டு வினைப்பரப்பு, எல்லாம் சேர்ந்தால் மொத்த வினைப்பரப்பு. நடுவில் 'ப்' விடாமல் போடவும்.