நேரலைப் பலகையில் ஏறும் மதிப்பெண் உங்களுடையதல்ல, இன்னும்

கணினி வலையமைப்பு வேலை எனக்குச் சோறு போடுகிறது; ஹாம் வானொலி, அதாவது பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு தொடர்புகொள்வது, தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டும் கைகோத்துக்கொள்ளும் இடம் நேரலை மதிப்பெண் பலகை.

உலகெங்கும் உள்ள ஹாம்களோடு முடிந்தவரை அதிகத் தொடர்புகளை எடுக்கும் சிகியூ உலகப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கித் திங்கள் காலை 5.30 வரை, 48 மணி நேரம். முன்பெல்லாம் எதிராளி எத்தனை எடுத்தார் என்பது மாதங்கள் கழித்து முடிவு வந்தால்தான் தெரியும். இப்போது தொடர்புகளைக் குறித்துவைக்கும் பதிவு மென்பொருளே சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்த மதிப்பெண்ணையும், ஒவ்வோர் அலைவரிசையிலும் கிடைத்த தொடர்புகளையும் பெருக்கிகளையும் (ஒவ்வொரு புதிய நாடும் மண்டலமும் ஒரு பெருக்கி; புள்ளிகளின் கூட்டலை இவற்றின் எண்ணிக்கையால் பெருக்கினால் மதிப்பெண்) இணையத்துக்கு அனுப்பிவிடுகிறது. பலகை உங்களை வரிசையில் உட்காரவைக்கிறது.

அந்த வரிசைதான் ஆளைக் கெடுக்கிறது. அதில் இருப்பது நாம் உரிமை கோரும் மதிப்பெண் மட்டுமே. நடுவர்கள் எல்லாருடைய பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்ட பிறகு நிலைப்பது வேறு.

நவம்பர் மாத மோர்ஸ் சுற்றில் ஒருமுறை, எனக்கு மேலிருந்தவரை எட்டிப்பிடிக்கும் வெறியில், திருப்பிக் கேட்காமலே அழைப்புக்குறிகளை, அதாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர்போல உள்ள எழுத்து-எண் குறிகளை, பதிந்துகொண்டு போனேன். மோர்ஸில் எஸ் என்றால் மூன்று டிட் (குறுகிய ஒலி), எச் என்றால் நான்கு. இரைச்சலில் ஒரு டிட் தொலைவது பெரிய காரியமா? கணக்கைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து ஜெர்மனியைப் பிடித்தால் 3 புள்ளி. குறி தவறென்றால் அந்த 3 போகும். தண்டமாக அதன் இரு மடங்கு, 6 புள்ளியும் போகும். கையில் 200 பெருக்கிகள் இருந்தால் ஒரே எழுத்துப் பிழைக்கு 1,800 மதிப்பெண். போட்டி முடிந்தபின் ஒலிப்பதிவையோ தரவுத்தளத்தையோ பார்த்துத் திருத்தவும் விதி இடம் தருவதில்லை.

தொடர்பு எண்ணிக்கையைப் பார்த்து மலைப்பதும் வீண். ஜப்பானை எத்தனை முறை பிடித்தாலும் நமக்குத் தலா 1 புள்ளிதான், ஒரே கண்டம்.

இன்னொன்று, என் தொழில் கற்றுத்தந்த எச்சரிக்கை. பலகையைப் பார்க்க உலாவியைத் திறக்கும் கை, பக்கத்திலேயே டிஎக்ஸ் கிளஸ்டர் என்ற இணையத் தகவல் பட்டியலையும் திறந்துவிடும். யார் எந்த அலைவெண்ணில் இருக்கிறார் என்று அது சொல்லிவிட்டால், நீங்கள் உதவியின்றி இயக்கும் பிரிவில் இல்லை. பார்த்துவிட்டு மூடினாலும் பார்த்தது பார்த்ததுதான். ஆகவே வானொலி மேசைக் கணினியில் மதிப்பெண் அனுப்பும் வசதி மட்டும் இருக்கட்டும், உலாவி வேண்டாம்.

நான் பலகையைக் கைபேசியில், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பார்க்கிறேன். திங்கள் விடியலில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது கைபேசி எப்படியோ மேசைக்கு வந்துவிடுகிறது.