புரொஜெக்டரைச் சாய்க்காதீர்கள்

"சீலிங்கில் மாட்டிய புரொஜெக்டரைத் திரையை நோக்கிச் சாய்த்தேன். படம் மேலே குறுகி, கீழே அகன்று விழுகிறது. கீஸ்டோன் கரெக்‌ஷன் போட்டால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோணலாக விழும் படத்தைப் புரொஜெக்டரே திருத்திக் காட்டும் வசதிதான் கீஸ்டோன் கரெக்‌ஷன். அது போதாது. காரணம், பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்களில் இருக்கிறது.

முதலில் தூரம். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் உண்டு. அதைத் திரையின் அகலத்தால் பெருக்கினால், லென்ஸ் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 100 அங்குல 16:9 திரையின் அகலம் சுமார் 221 செ.மீ. எண் 1.5 என்றால் தூரம் 3.3 மீட்டர். திரையை 120 அங்குலமாக்கினால் பரப்பு 1.44 மடங்காகி, வெளிச்சம் 30 சதவீதம் குறையும். சரி, தூரக் கணக்கு அவ்வளவுதான்.

பலரும் கோட்டைவிடுவது உயரத்தில். புரொஜெக்டருக்குள் நகத்தளவு சில்லு ஒன்றில்தான் படம் உருவாகிறது. சில்லும் திரையும் இணையாக இருக்கும்வரை, லென்ஸின் இருபுறமும் ஒளிக்கதிர்கள் அமைக்கும் முக்கோணங்கள் வடிவொத்தவை; அதனால் படம் எல்லா இடத்திலும் ஒரே மடங்கில் பெரிதாகும். செவ்வகம் செவ்வகமாகவே விழும். சாய்த்தால், திரையின் அடிப்பகுதிக்குப் போகும் ஒளி கூடுதல் தூரம் போய்க் கூடுதலாக விரிகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இணையாக இருந்தால் போதும், நேரெதிரே இருக்க வேண்டியதில்லை. 0.47 அங்குல டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படத்தை உருவாக்கும் வகை) சில்லின் அகலம் சுமார் 10.4 மி.மீ. அது 221 செ.மீ. படமாகும்போது ஏறக்குறைய 212 மடங்கு பெரிதாகிறது. சில்லை அசைக்காமல் லென்ஸை மட்டும் 1 மி.மீ. கீழே இறக்கினால், மொத்தப் படமும் 21 செ.மீ. இறங்கும். ஒரு மூலைகூடக் கோணாது! இதுதான் லென்ஸ் ஷிஃப்ட். உருப்பெருக்கிக் கண்ணாடி, செல்போன் திரை, இருட்டறை, வெள்ளைச் சுவர் இருந்தால் எந்தப் பிள்ளையும் இதைச் செய்து பார்க்கலாம். லென்ஸ் சமன்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லும் பள்ளிகள் இதையும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கீஸ்டோன் கரெக்‌ஷன் லென்ஸைத் தொடுவதே இல்லை. சில்லில் படத்தையே எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கி வரைகிறது. அடிப்பக்கம் 20 சதவீதம் அகன்றிருந்தால், அடிவரிசையின் 1920 பிக்சல்களில் 1600 மட்டுமே படத்துக்கு மிஞ்சும். மற்றவை கறுப்பாக்கப்பட்டாலும் அவற்றிலிருந்து கொஞ்சம் ஒளி கசியும். இருட்டில் படத்தின் இருபுறமும் சாம்பல் நிற ஆப்பு போலத் தெரிவது அதுதான். 'ஆட்டோ கீஸ்டோன்' என்பதைப் பெரிய வசதியாக விளம்பரப்படுத்துவது எனக்கு ஒப்புதலில்லை.

லென்ஸ் ஷிஃப்ட் இல்லாத டிஎல்பி புரொஜெக்டர்கள் பலவற்றில் சில்லை லென்ஸின் மையத்திலிருந்து விலக்கியே பொருத்தியிருப்பார்கள். மேசையில் வைத்தால், சாய்க்காமலே படம் மேல்நோக்கிப் போகும். அதனால்தான் சீலிங்கில் தலைகீழாக மாட்டுகிறோம். விலகல் எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். லென்ஸின் உயரத்தை அதை வைத்து முடிவு செய்யுங்கள். சீலிங் உயரமா? நீளமான குழாய் போட்டு இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டுங்கள். வெப்பக்காற்று வெளியேறும் பக்கம் சுவரோடு ஒட்டாமல் இருக்கட்டும்.