தேசிய இளைஞர் கொள்கைக்கு மனுப் போடாதீர்கள்

போன வாரம் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக நாலு பக்க மனு, கடைசிப் பக்கத்தில் 62 கையெழுத்து. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்ற மாநில அரசுத் திட்டத்தில் கட்டிய நூலகம் ஊரில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து விளக்கும் நாற்காலியும் போட்டால், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து படிப்பார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் மனு "தேசிய இளைஞர் கொள்கையின்படி" என்று தொடங்கி, டெல்லியில் இருக்கும் மத்திய அமைச்சருக்குப் போயிருக்கிறது. பதினொரு மாதம் கழித்து, தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளதாக ஒரு வரிப் பதில். யாருக்கு அனுப்பினார்கள் என்று என்னிடம் கேட்க வந்திருந்தார்கள்.

ஊராட்சிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த ஆண்டில் நான் பார்க்கிற ஐந்தாவது மனு இது. பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. பட்டம் வாங்குகிற வரைக்கும் இதை ஒருத்தரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

தேசிய இளைஞர் கொள்கை ஒரு திட்டம் இல்லை. சட்டமும் இல்லை. அதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, பயனாளிப் பட்டியல் கிடையாது, மானியம் கிடையாது. 1988-இல் ஒன்று, 2003-இல் ஒன்று, 2014-இல் ஒன்று என்று கொள்கைகள் வந்தன. 2003 கொள்கையில் இளைஞர் என்றால் 13 முதல் 35 வயது. 2014-இல் அது 15 முதல் 29 ஆனது. "எனக்கு 33 ஆகிவிட்டது, தகுதி போய்விட்டதா சார்?" என்று வகுப்புக்கு வகுப்பு கேட்கிறார்கள். எதற்கான தகுதி? அரசு யாரை மனதில் வைத்து யோசிக்கிறது என்பதற்கான வயது அது. கடனுக்கும் பயிற்சிக்கும் வயது வரம்பு அந்தந்தத் திட்டத்தின் விதிகளில் இருக்கும், அதைப் பாருங்கள். 2014 கொள்கை சொல்லும் பதினொரு முன்னுரிமைகளில் கல்வி, வேலை, உடல்நலம் எல்லாம் உண்டு. பெரும்பாலானவை இளைஞர் நலத் துறையின் கையில் இல்லை; வேறு அமைச்சகங்களிடமும் மாநிலங்களிடமும் இருக்கின்றன. கொள்கை திசையைக் காட்டும், அவ்வளவுதான். தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறதோ அங்கேதான் மடையைத் திறக்க வேண்டும்.

அந்தப் பதினொன்றில் அரசியலிலும் நிர்வாகத்திலும் பங்கேற்பதும் ஒன்று. அதற்கு உயிர் கொடுத்தவை நிர்வாகச் சீர்திருத்தங்கள். 1989-இல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-க்கு இறங்கியது. 1993-இல் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து, கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் கிடைத்தது. சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும். ஊராட்சிக்கு 21 போதும். மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் மானியத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஊராட்சியே வளர்ச்சித் திட்டம் போடும் முறை 2015-இல் தொடங்கியது. 15-ஆவது நிதிக்குழுவின் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிப்போட்டார்கள். மிச்சம் 40 சதவீதம் ஊரின் தேவைக்கு. அந்தத் தேவை என்ன என்று கிராம சபையில் சொல்லும் உரிமை, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 18 வயதுப் பிள்ளைக்கும் உண்டு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அரசமைப்பின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 பொருள்களைச் சொல்கிறது. நூலகம் இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது, மகளிரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். இளைஞர் என்று ஒரு வரி இல்லை. விளையாட்டும் இல்லை. பயிற்சியில் இதைச் சொன்னால் ஊராட்சிச் செயலர்களே பட்டியலை வாங்கி விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு யாரும் தானாக எடுத்து வைக்க மாட்டார்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அந்த மூவரோடு ஊருக்குப் போய்த் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பதினொரு மாதத்தில் ஐந்து கிராம சபை நடந்திருக்கிறது. தெருவிளக்கு, குழாய், சுடுகாட்டுப் பாதை. நூலகம் என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட 62 பேரில் வருகைப் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

இனியாவது இதைச் செய்யுங்கள். 17 வயது முடிந்ததும் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தகுதி நாள்கள் இருக்கின்றன, 18 ஆனதும் ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, கிராம சபை கூடும் இந்த ஆறு நாளில் ஊரில் இருங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பேச்சு சூடு பிடிப்பது அக்டோபர் 2-ஐ ஒட்டித்தான், அன்றைக்கு மட்டும் சாக்குச் சொல்லாதீர்கள். கோரிக்கையைத் தீர்மான வடிவில் எழுதிக்கொண்டு போங்கள். புத்தகத்தில் ஏறி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அப்புறம், திட்டத்தில் சேர்ந்ததா என்று ஊராட்சிகளின் திட்டங்கள் பதிவாகும் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். 2023-இல் வந்த, மத்திய அரசின் இளைஞர்களுக்கான மை பாரத் இணையதளத்தில் பதிவு செய்வது நல்லதுதான், தன்னார்வப் பணிக்கு வழி கிடைக்கும். ஆனால் உங்கள் ஊர் நூலகத்தின் சாவி அங்கே இல்லை.

பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தல் போடவும் நாற்காலி தூக்கவும் கூப்பிடுகிற பிள்ளைகளைப் பேசவும் கூப்பிடுங்கள். அந்த 62 கையெழுத்தில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகளுடையது. சபை நடந்த நாளில் அவர்கள் வாசலுக்கு வெளியே, மரத்தடியில் நின்றிருக்கிறார்கள். தயவுசெய்து உள்ளே கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

கிளம்புமுன் மூவரும் சேர்ந்து ஊராட்சி அலுவலகத் திண்ணையிலேயே தீர்மானத்தை எழுதினார்கள். நூலகத்துக்கு மின் இணைப்பு, ஆறு விளக்கு, இருபது நாற்காலி, இரவு ஒன்பது மணி வரை அனுமதி. சாவி யாரிடம் இருக்கும் என்பது விட்டுப்போயிருந்தது. அதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.