ஐம்பது ரூபாய் அபராதத்தை மாற்ற வேண்டுமென்றால் உங்கள் எம்.எல்.ஏ.வைப் பாருங்கள்

கழுத்துச் சங்கிலி சதைக்குள் புதைந்துபோன இன்னொரு நாய் அண்மையில் சிகிச்சைக்கு வந்தது. குட்டியாக இருந்தபோது மாட்டிய சங்கிலியை அது வளர்ந்த பிறகும் யாரும் தளர்த்தவில்லை. முடியை மழித்தபோதுதான் காயத்தின் ஆழம் தெரிந்தது. இரும்பு வளையங்களின் மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது, இடைவெளிகளில் சீழும் புழுக்களும் நிறைந்திருந்தன. மயக்க மருந்து கொடுத்து, சங்கிலியை வெட்டி, வளையம் வளையமாகப் பிரித்தெடுத்தோம். இப்படிப்பட்ட புண் ஒரே நாளில் உண்டாவதில்லை. தினமும் அந்த நாயைப் பார்த்துக்கொண்டே கடந்து செல்பவர்கள் இருக்கிற வீட்டில், வாரக்கணக்கில் உண்டாவது.

அதைத் தூக்கி வந்த பக்கத்து வீட்டு அம்மா, “இதுக்கு என்ன தண்டனை டாக்டர்?” என்று கேட்டார். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் முதல் முறை குற்றம் செய்தவருக்கு விதிக்கக்கூடிய அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை மட்டுமே. மூன்று ஆண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த நாய்க்கு நாங்கள் செலுத்திய மயக்க மருந்தின் விலையே இந்த அபராதத்தைவிட அதிகம்.

சட்டமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பட்டினி போடுவது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, புண்பட்ட மாட்டை வண்டியில் பூட்டுவது, ஆண்டுக்கணக்கில் கட்டியே வைத்திருப்பது ஆகியவைதான் அந்த 50 ரூபாய்க்குள் அடங்கிவிடுகின்றன. கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பதும் இவற்றைத்தான்.

ஒவ்வொரு கொடுமைக்குப் பிறகும் என் கைப்பேசிக்கு இணைய மனுக்களின் இணைப்புகள் வந்து குவிகின்றன. கையெழுத்திடுவோரின் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களிடம், “உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் இதைப் பற்றிப் பேசினீர்களா?” என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “அது மத்திய அரசுச் சட்டம், எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்?” படித்தவர்கள், விலங்குநல அமைப்புகளில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள்கூட இதையே சொல்லும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மிருகவதைத் தடுப்பு என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், பொதுப்பட்டியலின் 17-ஆவது இனம். அதாவது, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், மாநிலச் சட்டமன்றமும் இயற்றலாம். மாநிலத்தின் திருத்தம் மத்திய சட்டத்துக்கு முரணாக இருந்தாலும், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால் அந்த மாநிலத்துக்குள் அதுவே செல்லும். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் மக்கள் திரண்டபோது, தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தியது இதே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா, அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். 2023 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றும் தீர்ப்பளித்துவிட்டது. ஜல்லிக்கட்டு விஷயத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் சரி, இந்தச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 50 ரூபாயையும் மாற்றலாம்.

தில்லியில் முயற்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தண்டனை போதாது, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 2014-இல் ஜல்லிக்கட்டு தொடர்பான நாகராஜா வழக்கின் தீர்ப்பிலேயே உச்சநீதிமன்றம் எடுத்துரைத்தது. மத்திய அரசு 2022 நவம்பரில் ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கொடூரமான வதைக்குக் குறைந்தது 50,000 ரூபாய் அபராதமோ, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையோ விதிக்க அது வழிசெய்தது. அந்த வரைவு இன்னும் சட்டமாகவில்லை. இந்தச் சட்டம் பிறந்த கதையையும் நினைத்துப் பாருங்கள். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நேருவின் உறுதிமொழியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார், பின்னர் 1960-இல் அரசே சட்டம் இயற்றியது. அவைக்குள்ளே ஒருவர் விடாமல் பேசியதால் நடந்தது அது.

உங்கள் உறுப்பினரிடம் “கடுமையான சட்டம் வேண்டும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அப்படிப்பட்ட மனு கோப்பிலேயே உறங்கிவிடும். எந்தப் பிரிவில் என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 11-ஆம் பிரிவின் தண்டனை உயர வேண்டும். அப்பிரிவில் உள்ள பெரும்பாலான குற்றங்களை நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாது என்பதால் 31-ஆம் பிரிவும் மாற வேண்டும். 36-ஆம் பிரிவோ, குற்றம் நடந்த மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால் பிறகு தொடரவே முடியாது என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு போனதோடு, விலங்குகள் மீதான பாலியல் வன்முறைக்கென்று இருந்த ஒரே வெளிப்படையான விதியும் போய்விட்டது. அப்படிப்பட்ட விலங்குகளுக்குச் சிகிச்சை அளித்தவர்களுக்கு இந்த இடைவெளியின் கொடுமை தெரியும். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு இருக்கிறது, உறுப்பினர் கேள்வி எழுப்பலாம், தேர்தல் அறிக்கை தயாரிக்கும் காலத்தில் கட்சிகளைச் சந்திக்கலாம். ஒப்புகை பெறாமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள்.

தயவுசெய்து கால்நடை வளர்ப்போரை எதிரிகளாக்காதீர்கள். இந்தச் சட்டம் கடுமையானால் பால்மாடு வைத்திருப்பவர் சிறைக்குப் போக நேருமோ என்ற அச்சம் கிராமத்துத் தொகுதி உறுப்பினருக்கு நிச்சயம் இருக்கும்; அதைக் கேலி செய்தால் அந்த வாக்கை இழந்துவிடுவீர்கள். நோயுற்ற கன்றுக்காக நள்ளிரவில் என்னை எழுப்பும் விவசாயிகள் வதைப்போருக்குத் துணைபோகிறவர்கள் அல்லர். அவர்களில் இருவரையாவது உங்களுடன் அழைத்துச் சென்று அவர்களையே பேசச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு வலிமை தருவது ஆவணம். காயத்தைக் கழுவுவதற்கு முன்பே, ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். கால்நடை மருத்துவரிடம் காயச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். இறந்த விலங்கைப் பிரேதப் பரிசோதனை இல்லாமல் புதைக்காதீர்கள். புதைத்த பிறகு “விஷம் வைத்துவிட்டார்கள்” என்று வந்து சொன்னால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. மூன்று மாதக் கெடுவை முதல் நாளிலிருந்தே எண்ணுங்கள். சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சான்றிதழில் “கழுத்தில் காயம்” என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். காயத்தின் ஆழம், அதன் ஏறத்தாழ வயது, எதனால் உண்டானது, விலங்கின் உடல் மெலிவு ஆகிய அனைத்தையும் எழுதி, படங்களை இணைத்து, ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு 50 ரூபாயில் முடிந்தாலும், திருத்தம் கேட்டு உறுப்பினரின் மேசைக்குப் போகும் கோப்பில் அந்த நகல் இருக்க வேண்டும்.