அறுபது வயது இடுப்பு மூட்டில் பழைய எடையின் தடம்

எடை கூடினால் மூட்டு தேயும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எடைக்கும் மூட்டின் வடிவத்துக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் அதிகம் பேசப்படாதது. இடுப்பின் சுற்றளவைச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் தொடை எலும்பின் மேல்முனையைச் சொல்கிறேன்: உருண்டையான தலை, அதைத் தாங்கும் கழுத்து, கழுத்து கீழ்த்தண்டோடு சேரும் கோணம். பெரியவர்களிடம் இந்தக் கோணம் ஏறத்தாழ 125 முதல் 130 டிகிரி வரை இருக்கும்.

இந்த இடத்தில் விழும் சுமை நாம் நினைப்பதைவிட மிக அதிகம். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது. உடலின் பாரம் முழுக்க மற்ற காலின் மூட்டில். பாரத்தின் மையமோ அந்த மூட்டுக்கு நேர் மேலே இல்லை, உடலின் நடுப்பகுதியில் இருக்கிறது. அந்தரத்தில் இருக்கும் காலின் பக்கம் இடுப்பு சாயாமல் இருக்க, வெளிப்பக்கத்துப் பிட்டத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். சீசா பலகையில் மூட்டுக்கு அருகே உட்கார்ந்தவர் தொலைவில் உட்கார்ந்தவரைத் தூக்குவது போன்ற வேலை இது. தசைக்குக் கிடைத்திருக்கும் நெம்புகோல் குட்டையானது, ஆகவே அது உடல் எடையைவிடப் பெரிய விசையோடு இழுக்கிறது. அந்த இழுப்பும் மூட்டின் தலைமேல்தான் விழுகிறது. அளவுமானி பொருத்திய செயற்கை மூட்டுகளை வைத்து நேரடியாக அளந்தே பார்த்துவிட்டார்கள்: சாதாரண நடையில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. பத்து கிலோ கூடினால், ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு ஏறுவது இருபத்தைந்து கிலோ. அதைப் பல ஆயிரம் அடிகளால், பிறகு முப்பது நாற்பது ஆண்டுகளால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எலும்பு இதைச் சும்மா வாங்கிக்கொண்டிருப்பதில்லை. 1866இல் ஜூரிக்கில் உடற்கூற்றியலாளர் ஹெர்மான் ஃபொன் மேயர் காட்டிய தொடை எலும்பின் உள்வெட்டுப் படத்தைப் பார்த்த பொறியாளர் கார்ல் குல்மான், பாரந்தூக்கியில் விசை ஓடும் கோடுகளைப் போலவே எலும்பின் உள்ளிழைகள் வளைந்து செல்வதைக் கவனித்தார். 1892இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் அதை விதியாகவே எழுதிவைத்தார்: சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். எலும்புக்குள் சிக்கியிருக்கும் செல்கள் நெளிவை உணர்ந்து, எங்கே கரைப்பது, எங்கே கட்டுவது என்று சமிக்ஞை கொடுக்கின்றன.

ஆனால் எலும்பின் முனைகளில் நீள வளர்ச்சி நடக்கும் பகுதிகளான வளர்ச்சித் தட்டுகள் மூடியபின் எலும்பால் நீள முடியாது. அகலம் கூட முடியும். வயதாக ஆக உட்பக்கம் கரைகிறது, வெளிப்பரப்பில் மெல்ல மெல்லப் புது எலும்பு படிகிறது. வெளிவிட்டம் சற்றே கூடினாலும் வளைவைத் தாங்கும் வலு கணிசமாக ஏறும். அகலமாவது எலும்புக்குச் சிக்கனமான உத்திதான்.

ஒரு மூட்டு ‘வேறு வடிவம்’ என்று எப்படிச் சொல்வது? கழுத்தின் நீளம், கோணம் என்று தனித்தனியாக அளந்தால் முழு உருவம் நழுவிவிடும். அதனால் டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) படத்தில் எலும்பின் ஓரம் நெடுகப் பல புள்ளிகளை வைத்து, நூற்றுக்கணக்கானவர்களின் புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எந்தெந்தப் புள்ளிகள் சேர்ந்து நகர்கின்றன என்று கணினியைக் கேட்கிறார்கள். கழுத்து அகலமாகும்போது தலை தட்டையாகிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு அப்போதுதான் விடை கிடைக்கும்.

இந்த முறைக்குத் தீனி போட்டது பிரிட்டனின் 1946 பிறப்புத் தொகுப்பாய்வு. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளிலிருந்து 5,362 பேரைத் தேர்ந்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்கிறார்கள். 36, 43, 53 வயதுகளில் எடையும் உயரமும் பதிவாகியிருக்கின்றன. 60-64 வயதில் டெக்ஸா படங்கள் எடுத்தார்கள். இன்றைய எடையை மட்டும் வைத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு இந்த வசதி கிடையாது. வயதுவந்த காலத்து பிஎம்ஐக்கும் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) அறுபது வயதைத் தாண்டியபின் உள்ள இடுப்பு வடிவத்துக்கும் தொடர்பு இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

இதை ஒரேயடியாகக் ‘காரணம்’ என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. இடுப்பு வலிப்பதால் நடை குறைந்து, அதனால் எடை கூடியவர்களும் இருப்பார்கள். மேலும், தலையும் கழுத்தும் சேரும் இடத்துப் புடைப்பு போன்ற சில வடிவங்கள் பதின்பருவத்திலேயே உருவாகிவிடுகின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன்களும் எலும்பைத் தொடுகின்றன. எல்லாவற்றையும் பாரத்தின் கணக்கில் எழுத முடியாது.

எடையைக் குறைத்தால் வடிவம் பழையபடி திரும்புமா? வெளிப்பரப்பில் ஒருமுறை படிந்த எலும்பு எளிதில் கரைவதில்லை. இழப்பு பெரும்பாலும் உட்பக்கமே நடக்கிறது. ஓய்வுபெற்ற பேஸ்பால் பந்துவீச்சாளர்களின் மேற்கை எலும்பை அளந்து 2014இல் வெளியான ஆய்வில், பந்து வீசியதால் இளமையில் எலும்புக்குக் கூடிய பருமனில் பாதி முதுமையிலும் நிலைத்திருந்தது. வலுவிலோ மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். எடை மளமளவென்று இறங்கும்போது இடுப்பின் எலும்பு அடர்த்தியும் கொஞ்சம் இறங்குவது வழக்கம். உணவை மட்டும் குறைக்காமல் எடைதூக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் அந்த இழப்பு குறைகிறது.