சேலத்துக் கிணற்றில் குரோமியம்: ஆலை விட்டதா, பாறை விட்டதா?

தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு போர்வெல். அதன் தண்ணீரைச் சோதித்ததில் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் குரோமியம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 அனுமதிப்பது 0.05 தான். ஆலைதான் காரணம் என்று பல ஊர்களில் உடனே விரல் நீட்டிவிடலாம். சேலத்தில் அவ்வளவு சுலபமில்லை.

சேர்வராயன் மலையடிவாரத்தில், கருப்பூர்ப் பக்கம், மேக்னசைட் சுரங்கங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். அந்த மேக்னசைட்டைச் சுமந்திருப்பது டியூனைட் வகைப் பாறை. மக்னீசியம் மிகுந்த பாறை அது. குரோமைட் என்ற கருப்புக் கனிமமும் அதில் ஆங்காங்கே உண்டு. அதாவது ஒரு ஆலைகூட இல்லாத இடத்திலும் இங்கே கிணற்றுக்குள் குரோமியம் வரலாம்.

எப்படி வருகிறது? பாறையில் இருப்பது குரோமியம்-3 என்ற வடிவம். இது தண்ணீரில் லேசில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதை மெல்ல மெல்ல குரோமியம்-6 ஆக மாற்றிவிடும். புற்றுநோய்க் கவலையெல்லாம் இந்தக் குரோமியம்-6 பற்றித்தான். இதற்கு எதிர்மின் சுமை. களிமண்ணுக்கும் பெரும்பாலும் எதிர்மின் சுமையே. அதனால் மண் இதைப் பிடித்து வைக்காது, தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். குரோமிய முலாம் பூசும் பட்டறைத் தொட்டியில் இருப்பதும் இதே குரோமியம்-6 தான். பாறை வழியாக வந்ததையும் தொட்டியிலிருந்து கசிந்ததையும் வெறும் அளவை வைத்துப் பிரிக்க முடியாது.

கண்காணிப்புக் கிணறுகள் இதற்காகத்தான். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்து, கடல்மட்டக் கணக்குக்கு மாற்றினால் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். தண்ணீர் ஆலைக்கு வரும் மேல்பக்கம் ஒன்று, ஆலையைத் தாண்டிப் போகும் கீழ்ப்பக்கம் மற்றவை. என்னைக் கேட்டால் மேல்பக்கக் கிணறுதான் முக்கியம். ஆலையைத் தொடும் முன் தண்ணீரில் என்ன இருந்தது என்பதை அது ஒன்றுதான் சொல்லும். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்!

சேலத்தில் இன்னொரு சிக்கல், கடினப்பாறை. மணல் பூமியில் தண்ணீர் பரவலாக நகரும். இங்கே மேலே சிதைந்த பாறை. அதற்குக் கீழே வெடிப்புகள் வழியாக மட்டுமே ஓட்டம். பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்று பொங்கும், மற்றது புகைவிடும் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த கதை. மாசும் அப்படித்தான் வெடிப்பைப் பிடித்துக்கொண்டு போகும். ஆகவே மூன்று கிணற்றுக் கணக்கு ஆரம்பத்துக்குச் சரி, அதோடு நின்றுவிட முடியாது.

அப்புறம் மாதிரி எடுக்கும் வேலை. முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடிக்கக் கூடாது. சின்ன பம்பை வைத்து நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக நிதானமாக இறைக்க வேண்டும். மீட்டரில் அமில-கார அளவு (pH), மின்கடத்துத்திறன், கலங்கல் எல்லாம் ஏறாமல் இறங்காமல் நிலைத்த பிறகுதான் பாட்டிலை நீட்டலாம். வேகமாக இறைத்தால் கலங்கும். அந்தத் தூசியில் ஒட்டியிருக்கும் பாறைக் குரோமியம் ஆய்வகத்து அமிலத்தில் கரைந்து, இல்லாத மாசைக் காட்டும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமும் சந்தேகத்துக்குரியதே, அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருக்கிறது. எஃகு ஆலை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டிலிலும் கவனம் வேண்டும். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்டு வைப்பது வழக்கம். மொத்தக் குரோமியத்துக்கு அது சரி. அதே பாட்டிலில் குரோமியம்-6 ஐத் தேடினால், அமிலத்தில் அது குரோமியம்-3 ஆக மாறிப்போயிருக்கலாம். எனவே தனிப் பாட்டில். கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, காரக் கரைசல் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் டைபீனைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் குரோமியம்-6 இருக்கும் தண்ணீர் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதை 540 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் அளவு தெரிந்துவிடும்.

சரி, யார் விட்டது? கூட என்னென்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். டியூனைட் வழி வந்த தண்ணீரில் மக்னீசியமும் பைகார்பனேட்டும் தூக்கலாக இருக்கும். முலாம் தொட்டிக் கசிவு என்றால் சல்பேட் கூடுவது ஒரு தடயம். நிக்கல் கைகொடுக்காது, அது இரண்டு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஹிங்க்லி ஊரில் குளிரூட்டும் கோபுரங்களில் பயன்படுத்திய குரோமியம்-6 நிலத்தடி நீரில் இறங்கி, வழக்கு 1996இல் சமரசத்தில் முடிந்தது. அங்கே இயற்கையின் பங்கு எவ்வளவு, ஆலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த அமெரிக்க நிலவியல் துறையின் பெரிய ஆய்வறிக்கை வெளிவந்தது 2023இல்தான்.

சேலத்தில் பருவம் பார்த்து எடுப்பதும் உதவும். கசிவு ஊறிய மண்ணை ஐப்பசி மழை கழுவி இறக்கினால், ஆலைக்குக் கீழ்ப்பக்கக் கிணற்றில் அளவு ஏறக்கூடும். மேல்பக்கத்தில் அதே மழை பாறைத் தண்ணீரை நீர்க்கச் செய்து அளவைக் குறைக்கலாம். ஒரே மழைக்கு ஒரு கிணறு ஏறி மற்றது இறங்கினால், அடுத்துத் தோண்ட வேண்டியது ஆலை வளாகத்துக்குள்ளே, தொட்டிக்குப் பக்கத்து மண்ணை.