பெயர் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தானா?

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் பதினான்கு தலைமுறைப் பட்டியலோடு, வம்சாவளி தேடித்தரும் என்னிடம் வந்தது. 1749-ல் பிலடெல்பியாவில் இறங்கிய சுவிஸ் முன்னோர், அவருக்கும் முந்தைய ஆறு தலைமுறை, எல்லாம் இருந்தது. "சரிபார்த்துக் கொடுத்தால் போதும்" என்றார்கள்.

கடலைத் தாண்டும் இடத்தில்தான் சிக்கல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதித் தேவாலயப் பதிவேட்டில் அதே பெயரில் ஒரு ஞானஸ்நானம், வயதும் பொருந்துகிறது. வேறு ஆதாரம் கிடையாது. நான் அதே பதிவேட்டை மேலும் சில பக்கங்கள் புரட்டினேன். கப்பல் வந்து ஆறு வருடம் கழித்து, அந்த மனிதர் அதே கிராமத்தில் தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். அவர் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை!

இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஹான்ஸ், ஹான்ஸ் யாக்கோப் என்று ஒரே கிராமத்தில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அதனால் ஒருவரைக் கண்டுபிடித்ததும், அவர் அங்கேயே மணமுடித்தாரா, இறந்தாரா என்று முதலில் பாருங்கள். பெர்ன் ஆவணக்காப்பகம் பழைய பதிவேடுகளை இணையத்திலேயே வைத்திருக்கிறது.

அப்புறம், பூர்வீக ஊரைத் தேடுங்கள். சுவிஸ் குடியுரிமை ஓர் ஊரோடு சேர்ந்தது. குடும்பம் எங்கே குடிபோனாலும் அந்த ஊர் மாறாது. இன்றைய சுவிஸ் பாஸ்போர்ட்டிலும் பிறந்த ஊர் இருக்காது, பூர்வீக ஊர்தான் இருக்கும்.

1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய வெளிநாட்டு ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். பயணிகள் பட்டியலில் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். ஆனால் பிரமாணப் பட்டியலில் அவரவர் கையெழுத்தோ, எழுதத் தெரியாதவர் போட்ட கீறலோ இருக்கும். எனக்கு அந்தக் கையெழுத்துதான் பெரிய சொத்து. அங்கே 'பாலட்டைன்' (தென்மேற்கு ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதிக்காரர்) என்ற பொதுப்பெயர் இருந்தால் ஜெர்மானியர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முப்பதாண்டுப் போர் 1648-ல் முடிந்தபின் ஏராளமான சுவிஸ் குடும்பங்கள் பாலட்டினேட்டில் குடியேறின. அவர்களுடைய பேரன், கொள்ளுப்பேரன்கள்தான் பலர் கப்பலேறியது.

மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் காணாதது இயல்பே. அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அதற்காக அரசு அவர்களைத் துன்புறுத்தியதால், சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல் ஆவணங்களில் தேடவேண்டும்.

அந்தக் குடும்பத்தின் பட்டியலில் ஆறு தலைமுறையை அடித்துவிட்டேன். பெரியவருக்கு வருத்தம்தான். இப்போது பாலட்டினேட் பதிவேடுகளில், 1749-ல் வந்த அந்த முன்னோருடைய மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.